ஓல்டிஷ்னு போடுங்க டீச்சர்

பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிஸார் நானாவின் அச்சுக்கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், சுவர் நிறையக் கல்யாண அட்டை மாதிரிகள். அன்று சனிக்கிழமை. சாரல் உள்ளே அடிக்காமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். சூடான காகித வாசனை கடைக்குள் நிறைந்திருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் நான் எழுதிக் கொடுத்த அறிவித்தல் தெரிந்தது. தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. காணாமல் போனவர் முத்தையா. பேச்சுத் தெளிவாக வராது. நீல ஸ்வெட்டர் போட்டிருந்தார். கண்டவர்கள் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் என்னுடையது.

முத்தையாவின் தங்கை செல்வராணி திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, ஆங்கில வரிகளை எழுத்துக் கூட்டி வாசித்தார். நனைந்த குடையிலிருந்து அவர் காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எல்டர்லின்னா என்ன டீச்சர்?”

“வயசானவர். மரியாதையா சொல்றது.”

“அண்ணன் வயசானவர் இல்லீங்களே.” விரலைத் திரையிலேயே வைத்துவிட்டார். “ஓல்டிஷ்னு போடுங்க டீச்சர்.”

“அது பேச்சுல வர்ற சொல்லு, அக்கா. நோட்டீஸ்ல போடக் கூடாது.”

“பாத்தா கெழவன் மாதிரி தெரியாதுங்க. வெரசா நடப்பாரு. முடிகூட அவ்வளவா நரைக்கல.”

நிஸார் நானா என் முகத்தைப் பார்த்தார். “எது செல்றீங்களோ அத அடிக்கிறேன் டீச்சர். மழை கூடுறதுக்குள்ள ஒட்டோணும்.”

“எல்டர்லியே இருக்கட்டும் நானா” என்றேன்.

செல்வராணி திரையிலிருந்து விரலை எடுத்தார்.

இந்த வாரப் பத்தியில் எழுத வேண்டியது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

சனிக்கிழமை வகுப்பு

அந்த நாட்களில் நான் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையின் மாடியில் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்தினேன். சனிக்கிழமை மட்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். பக்கத்து ஊரான எல்லவில் வெள்ளைக்காரர்கள் பெருகி, வீட்டுக்கு வீடு தங்குமிடம் முளைத்திருந்த காலம். நாலு வார்த்தை ஆங்கிலம் தெரிந்தால் சமையலிலோ அறை துப்புரவிலோ வேலை கிடைக்கும். கொழுந்து எடுத்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

செல்வராணி நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருவார். ஐம்பதைத் தாண்டியவர், புருஷன் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவரும் அண்ணன் முத்தையாவும் மட்டும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் ‘அக்கா’ என்பேன், அவர் ‘டீச்சர்’ என்பார். வகுப்புக்கு முதல் ஆளாக வந்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொள்வார்.

ஆட்களை வர்ணிக்கும் பாடம் ஒன்று நடந்தது. கரும்பலகையில் ‘யங்’, ‘ஓல்ட்’ என்று எழுதினேன். செல்வராணி கையைத் தூக்கினார்.

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கெடையாதுங்களா?”

‘மிடில் ஏஜ்ட்’ என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நாக்கில் நிற்கவில்லை என்றார். அப்போதுதான் ‘ஓல்டிஷ்’ என்று சொன்னேன். ‘ஓல்ட்’டுக்குப் பின்னால் ‘இஷ்’ என்று ஒரு வால். வயது கொஞ்சம் ஆகியிருக்கிறது, முழுக்க ஆகவில்லை. ‘ஹீ இஸ் ஓல்டிஷ்’ எனலாம். ‘அன் ஓல்டிஷ் மேன்’ எனலாம். முன்னால் ‘அ’ வராது, ‘அன்’ வரும். கூட்டாளிகளோடு பேசும்போது சொல்லலாம், விண்ணப்பத்திலும் கடிதத்திலும் எழுதக் கூடாது. பரீட்சைத்தாளில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று முழுக்க வகுப்பில் எல்லாமே ஓல்டிஷ்தான். பசறை பஸ் ஓல்டிஷ், துணிக்கடை முதலாளி ஓல்டிஷ், டீச்சருடைய செருப்பு ஓல்டிஷ். அடுத்த வாரம் செல்வராணி கொண்டுவந்த வீட்டு வேலையில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ‘ஐ ஆம் ஓல்டிஷ். மை பிரதர் இஸ் ஓல்டிஷ். ஆவர் ஹவுஸ் இஸ் வெரி ஓல்ட்.’

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. இருந்தும், எழுத்தில் இந்தச் சொல் வரக் கூடாது என்று முதல் இரண்டிலும் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

அப்பாவின் வயது

செல்வராணி கேட்ட அந்த நடுவயதுக்குத் தோட்டத்தில் அவ்வளவாகப் பேச்சே கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், லயத்தில். அங்கே ஒருவர் வேலை செய்கிற ஆள், இல்லையென்றால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிய ஆள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்வரை ஆள் ஆள்தான். பேர் வெட்டிய மறுநாளே அவரைப் பெருசு என்பார்கள். முந்தின நாள்வரை அவரும் மற்றவர்களோடு மலை ஏறியிருப்பார்.

வயதும்கூடப் பலருக்கு உத்தேசம்தான். என் அப்பா பிறந்ததை யாரும் பதியவில்லை. பிறகு அடையாள அட்டை எடுக்கப் போனபோது, ஒரு டொக்டர் அப்பாவின் பல்லைப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஒரு வயதை எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தின்படி அப்பா அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர். “அந்த டொக்டர் மட்டும் என் கையில கெடைச்சா” என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான் நான். அச்சுக்கடையில் செல்வராணி சொன்னது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸின் கீழே என் எண் இருந்தது. பண்டாரவளையில் அந்த எண்ணைத் தெரிந்த ஆசிரியர்கள் பலர். இங்கிலிஷ் டீச்சர் கொச்சைச் சொல்லைப் போட்டு நோட்டீஸ் அடித்திருக்கிறாள் என்று யாராவது சிரிப்பார்களே என்றுதான் நினைத்தேன்.

முத்தையா போன வழி

முத்தையா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை செய்தவர். அதற்கு ஒரு வருஷம் முன்னால் பக்கவாதம் வந்தது. கால் தப்பித்துக்கொண்டது. வலது கை கொஞ்சம் பலம் குறைந்தது. பேச்சுத்தான் போய்விட்டது. ஒரு சொல்லைத் தேடி வாயைத் திறந்தபடியே நிற்பார், வேறு சொல் வந்து விழும். சில நாட்களில் எந்தத் தோட்டத்தில் இருக்கிறோம் என்பதும் குழம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை செல்வராணி கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு அவர் லயத்தை விட்டு இறங்கியிருக்கிறார். மத்தியானம் தேடத் தொடங்கினார்கள். தோட்டத்து ஆட்கள் ஓடை, பள்ளமெல்லாம் பார்த்தார்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. சனிக்கிழமை காலையில்தான் ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார், அப்படி ஒருவரை எல்ல பஸாரில் இறக்கிவிட்டதாக.

எல்லவில் அவர்களுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. அங்கே ரயில் பாதையிலும் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளிலும் நடப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். அதனால்தான் செல்வராணி நேரே என் வகுப்புக்கு வந்து, ஆங்கிலத்தில் நோட்டீஸ் வேண்டும் என்றார்.

இருந்த ஒரே படம், ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. கூட்டத்தில் ஓரமாக நிற்பார். நிஸார் நானா அதை வெட்டிப் பெரிதாக்கியபோது முகம் கறுப்புத் திட்டாகிவிட்டது. படத்தை நம்ப முடியாது, எழுத்தைத்தான் நம்ப வேண்டும். வயதை எண்ணில் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவசரத்தில் எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலைக்குள் எல்ல ஸ்டேஷனிலும் தேநீர்க் கடைகளிலும் தங்குமிடங்களின் வாசலிலும் ஒட்டி முடித்தோம். நிஸார் நானா அச்சுக்கூலி வாங்கவில்லை. பசை வாளியையும் அவரே கொடுத்தனுப்பினார்.

ஞாயிறு முழுக்க அலைச்சல்

ஞாயிறு காலை முதல் அழைப்பு வந்தது. ஒரு வெளிநாட்டுப் பையன், தெமோதரை ஸ்டேஷனில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றான். ஓடினோம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், கையில் ஊன்றுகோலோடு, பதுளைக்குப் போகும் மகளை வழியனுப்பிவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். எங்களுடைய ஓட்டத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

இரண்டாவது அழைப்பு எல்ல பஸார் பக்கமிருந்து. அதுவும் ஒரு தாத்தா. கோயில் வாசலில் படுத்திருந்தார்.

மூன்றாவதும் அப்படித்தான். மூன்று பேரும் தலை நரைத்து, முதுகு வளைந்தவர்கள். ‘எல்டர்லி’ என்று படித்தவர்கள் சரியாகத்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது செல்வராணி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. “ரெண்டு நாளாச்சுங்க டீச்சர். இந்தக் குளிருல எங்க கெடக்குறாரோ” என்றார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஸ்டேஷனில்

திங்கட்கிழமை காலை எல்ல ஸ்டேஷனுக்குப் போனோம். வருகிற ஒவ்வொரு கோச்சியிலும் வெளிநாட்டுக்காரர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஒவ்வொருவரிடமும் காகிதத்தைக் காட்டிக் கேட்பதென்று முடிவு. செல்வராணி காட்ட வேண்டும், நான் பேச வேண்டும்.

முப்பது, நாற்பது பேரிடம் கேட்டிருப்பேன். எல்லோரும் நின்று படித்தார்கள், தலையை ஆட்டினார்கள், வருத்தம் சொன்னார்கள்.

பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். செல்வராணியின் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய தலைமுடி, சேறு அப்பிய சப்பாத்து. காகிதத்தைப் பார்த்ததும், தங்கியிருக்கும் இடத்தில் சனிக்கிழமையே இதைப் படித்ததாகச் சொன்னார். எல்டர்லி ஆள் யாரையும் தான் பார்க்கவில்லை என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தேன்.

செல்வராணி நகரவில்லை.

“நோ மேடம். நொட் எல்டர்லி” என்றார். “மை பிரதர். ஓல்டிஷ். அன் ஓல்டிஷ் மேன். வோக்கிங் ஃபாஸ்ட்.” சற்று யோசித்து, அந்தப் பெண்ணை விரலால் காட்டி, “லைக் யூ, மேடம்” என்றார்.

எனக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்பதற்காகத் திரும்பி வந்தேன். அந்தப் பெண் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது.

“ஓல்டிஷ்?” என்று திருப்பிக் கேட்டார். “நீல ஸ்வெட்டரா?”

பையைத் திறந்து போனை எடுத்து, படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஞாயிறு காலை எடுத்த படம் ஒன்றில் நிறுத்தினார். மூடுபனி, தேயிலை, தூரத்தில் ஒரு துருப்பிடித்த தகரக் கூரை. கீழ் மூலையில் நீலமாக ஓர் ஆள், எங்கோ அவசரமாகப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண் அவருக்குக் காலை வணக்கம்கூடச் சொன்னாராம். எல்டர்லி என்று படித்தபோது மனதில் வந்தது தன் தொண்ணூறு வயதுத் தகப்பனாராம். இந்த ஆள் வேலைக்குப் போகிறவர் போலிருந்தாராம். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பத் திரும்ப ‘சொரி’ என்றார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய காரியமில்லை அது என்று எனக்குத் தெரியும்.

செல்வராணி அந்த அம்மாவைப் பார்க்கவேயில்லை. படத்தில் இருந்த தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், இது எங்க பழைய தோட்டத்து ஸ்டோருங்க. நாங்க பொறந்த எடம். மூடி எத்தனையோ வருஷமாச்சு, எனக்கு நெனப்பே வரல. அண்ணன் மொதமொதல்ல வேலைக்குப் பேரு பதிஞ்சது இங்கதான்.”

பழைய ஸ்டோர்

த்ரீவீல் போகும்வரை போய், மிச்சத்தை நடந்தோம். த்ரீவீல்காரரும் கூட வந்தார். பாதை காடு பிடித்துக் கிடந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. செல்வராணி கவாத்து மலையில் ஏறுகிற மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஸ்டோரின் கதவு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மெஷின்களையெல்லாம் எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவை நின்ற இடத்தில் சிமெந்துத் திண்டுகள் மட்டும் இருந்தன. அப்படி ஒரு திண்டில் சாய்ந்து முத்தையா உட்கார்ந்திருந்தார். வலது கணுக்கால் வீங்கிக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது.

“அண்ணே” என்றார் செல்வராணி.

முத்தையா எங்களை மாறி மாறிப் பார்த்தார். “லேட்டு” என்றார். “லேட்டு... லேட்டு.”

காலையில் நேரத்துக்கு ஸ்டோருக்கு வந்து சேர முடியவில்லை என்கிறார் என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரமானது. செல்வராணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போத்தல் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். த்ரீவீல்காரர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் காலைப் பிடித்துக்கொண்டேன்.

பதுளையில்

பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்காலில் வெடிப்பு, நெஞ்சில் சளி, காய்ச்சல். இன்னுமொரு நாள் கிடந்திருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டது ஞாயிறு காலைக்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும். காலையில் அந்த வெள்ளைக்காரப் பெண் பார்த்தபோது நன்றாக நடந்திருக்கிறார். நாங்கள் தெமோதரையில் ஊன்றுகோல் பெரியவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம் அது.

இதை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்வராணியிடம் சொன்னேன். அச்சுக்கடையில் நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே அழைப்பு வந்திருக்கும் அக்கா, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அதில்லீங்க டீச்சர். நான் ஒண்ணு ஒங்ககிட்ட சொல்லல.”

“என்னக்கா?” என்றேன்.

“வெள்ளிக்கெழம வெடிஞ்சதும் அடுப்ப மூட்டிக் குடுக்குறேன்னு வந்து, சுடுதண்ணியக் கொட்டிப்புட்டாரு. எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு. ‘கெழவனாயிட்ட, ஒன்னால ஒரு வேலைக்கும் ஆவாது, பேசாம மூலையில கெட’ன்னு வாயில வந்துருச்சு. அவரு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதுக்கப்புறந்தான் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு எறங்கியிருக்காரு.”

அப்புறம் மெதுவாகச் சொன்னார். “அந்தச் சொல்லையே செவுத்துக்குச் செவுரு ஒட்ட வேண்டியதாப் போச்சு.”

சனிக்கிழமை பசை வாளியைத் தூக்கிக்கொண்டு செல்வராணி என்னோடு நடந்ததை நினைத்துப் பார்த்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை பார்வையாளர் நேரத்தில் நானும் போனேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. முத்தையா தலையணையில் சாய்ந்து, காலில் மாவுக்கட்டோடு இருந்தார். செல்வராணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

“அண்ணே, அன்னைக்கி நான் சொன்னத மனசுல வச்சுக்காத. நீ ஒண்ணும் கெழவன் இல்ல.”

முத்தையா அவரைப் பார்த்தார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்கத் தேடினார். செல்வராணி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கடைசியில் இடது கையைத் தூக்கி, நாலு நாளாக வாராத தங்கையின் தலையைத் தொட்டார்.

“ஒனக்கு...” என்றார். “ஒனக்குத்தான் நரச்சிருச்சு.”

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை. வார்டின் அந்த முனையிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி என்ன ஏதென்று எழுந்து வரும்வரை அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.